தடித்த கோடும் காலி ரேக்கும்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் நான் கையால் வரைந்து கொடுத்த படத்தை நடுப்பக்கத்தில் போட்டிருந்தார்கள். இந்திய ரயில்வேயில் எந்தப் பாதையில் எவ்வளவு சரக்கு போகிறது என்று காட்டும் படம். சரக்கு அதிகமென்றால் கோடு தடிமன், குறைவென்றால் மெல்லிசு. நிலக்கரிக்குக் கறுப்பு, இரும்புத்தாதுவுக்குச் சிவப்பு, தானியத்துக்கு மஞ்சள், மற்றதெல்லாம் சாம்பல். முப்பத்துநான்கு வருஷம் கண்ட்ரோல் ஆபீஸில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கூட்ஸ் வண்டி ஓட்டியவன் நான் (வண்டியில் ஏறாமலே ஓட்டுவதுதான் கண்ட்ரோலர் வேலை). அதனால்தான் ஆசிரியர் என்னிடம் கேட்டார். இத்தனை கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு பேர் படத்தில் தப்புக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதில் ஒன்று நிஜமாகவே தப்பு.

கேள்வி: அறுவடை முடிந்தால் எங்கள் ஊர் ஸ்டேஷனில் நெல் மூட்டை ஏற்றும் வண்டி நின்றுகொண்டே இருக்கிறது. லாரிகள் வரிசையில் நிற்கும். உங்கள் படத்திலோ எங்கள் பாதை தலைமுடி மாதிரி இருக்கிறது. எங்களைப் பார்த்தால் அவ்வளவு இளப்பமா? — வாசகி, தஞ்சாவூர்

இளப்பமெல்லாம் இல்லை அம்மா. ஸ்கேல் செய்த வேலை. ஒரு நிலக்கரி ரேக் என்பது 58 அல்லது 59 வேகன், ஏறக்குறைய 4,000 டன். ஒரு பாதையில் தினம் ஒரே ஒரு ரேக் போனாலும் வருஷத்துக்கு 14.6 லட்சம் டன் ஆகிவிடும். தினம் ஐந்து ரேக் போனால் ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துத்தான் நான் படம் போட்டேன். உங்கள் ஊரில் 42 மூடிய வேகன்களில் சுமார் 2,000 டன் நெல் ஏற்றி அரவைக்கு வெளி மாவட்டம் அனுப்புகிறார்கள். சீசன் மூன்று மாதமும் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 90,000 டன் வரும். வருஷ சராசரியில் போட்டால் என் பேனா முனையைவிட மெல்லிசான கோடு. தலைமுடி அளவுக்குப் போட்டதே சலுகை.

தேசம் முழுக்க 2023-24இல் ரயிலில் ஏற்றிய சரக்கு ஏறக்குறைய 159 கோடி டன். எல்லாவற்றையும் 4,000 டன் ரேக்காக நினைத்துப் பார்த்தால் தினமும் ஆயிரத்துச் சொச்சம் ரேக். இதில் பாதி நிலக்கரி. அதனால்தான் படத்தில் ஒடிசாவின் தால்சர், சத்தீஸ்கரின் கோர்பா, ஜார்க்கண்டின் தன்பாத், மத்தியப் பிரதேச எல்லையில் சிங்கரௌலி என்று நாலைந்து இடத்தில் மைக்கூடு கவிழ்ந்த மாதிரி கறுப்பாக இருக்கிறது. டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா நான்கையும் சுற்றியும் குறுக்கேயும் இணைக்கும் பாதைகள் மொத்த நீளத்தில் 16 சதவீதம்தான். சரக்கில் பாதிக்கு மேல் அதில்தான் போகிறது.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. வருஷக் கணக்குப் படத்தில் சீசன் தெரியாது. மாசி, பங்குனியில் தஞ்சாவூர் படும் பாட்டை இந்தப் படத்தில் தேடினால் கிடைக்காது. அதற்கு மாதம் ஒரு படம் போட வேண்டும். ஆசிரியர் பன்னிரண்டு நடுப்பக்கம் கொடுத்தால் போடுகிறேன்.

கேள்வி: அரியலூரிலிருந்து சிமென்ட் வெளியே போவதை மட்டும் சாம்பல் கோடாகக் காட்டியிருக்கிறீர்கள். சூளைக்கு எரிக்க நிலக்கரி உள்ளே வருவதை விட்டுவிட்டீர்களே? தவிர, எல்லாக் கோட்டுக்கும் ஒரு பக்கம்தான் அம்பு போட்டிருக்கிறீர்கள். போன வண்டி திரும்பி வராதா? — வாசகர், அரியலூர்

முதலாவது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். சிமென்ட் என்றதும் மூட்டைதான் கண்ணுக்குத் தெரிந்தது, சூளை தெரியவில்லை. சின்ன கறுப்புக் கோடு ஒன்றை உங்கள் பிரதியில் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு நான் கொஞ்சம் நிறையவே பேசப்போகிறேன். கண்ட்ரோலில் உட்கார்ந்தவனுக்குச் சுமை வண்டியால் தலைவலி கிடையாது. சுமை வண்டிக்குப் போகிற ஊர் இருக்கிறது, சரக்குக்குக் காத்திருக்கும் பார்ட்டி இருக்கிறார், தாமதமானால் கத்த ஆள் இருக்கிறது. காலி ரேக்குக்கு யாரும் கிடையாது. எங்கே அனுப்புவது என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்கிற வரைக்கும் அது ஏதோ ஒரு ஸ்டேஷன் லூப்பில் (மெயின் லைனுக்குப் பக்கத்தில் வண்டியை ஒதுக்கி நிறுத்தும் லைன்) படுத்துக்கொண்டு நம் கழுத்தை அறுக்கும்.

நிலக்கரி ஏற்றும் திறந்த வேகனுக்கு பாக்ஸ்-என் என்று பெயர். அதில் நிலக்கரியைக் கொண்டுபோய் அனல்மின் நிலையத்தில் கொட்டினால் திரும்பி வரும்போது எதை ஏற்றுவது? மின்சாரத்தையா? சாம்பலை ஏற்றலாம் என்பார்கள். ஏற்றுவதும் உண்டு, ஆனால் வந்த நிலக்கரிக்கு ஈடாகாது. பெட்ரோல் டாங்கர் இன்னும் மோசம், அதில் வேறு எதையுமே ஊற்ற முடியாது. அதனால் தடித்த கறுப்புக் கோடு ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே எதிர்த்திசையில் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் காலி ரேக்குகள் ஓடுகின்றன. சரக்கு டன் கணக்கில் போட்ட படத்தில் அவற்றுக்கு மதிப்பு பூஜ்யம்.

தண்டவாளத்துக்கு அப்படி இல்லை. காலி பாக்ஸ்-என் ஒன்றே 22 டன்னுக்கு மேல் கனம். 58 வேகன் என்றால் வெறும் இரும்பே 1,300 டன். எஞ்சினியரிங் பிரிவுக்காரர்கள் இதைத் தெளிவாகக் கணக்கு வைக்கிறார்கள். அவர்கள் சரக்கு டன்னைப் பார்ப்பதில்லை. எஞ்சின், வேகன், பயணி வண்டி எல்லாம் சேர்த்து ஒரு தண்டவாளத்தின் மேல் உருண்ட மொத்த எடையைப் பத்து லட்சம் டன் அலகில் எழுதுவார்கள், ஜிஎம்டி என்பார்கள். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளம் 800 ஜிஎம்டி தாங்கினால் மாற்றிவிட வேண்டும் என்பது விதி. அந்த ஜிஎம்டியை வைத்துப் படம் போட்டால் என் படத்திலிருந்து வேறு மாதிரி வரும். பயணி வண்டிகள் நெருக்கமாக ஓடும் சென்னை – அரக்கோணம் அதில் கொழுத்துத் தெரியும். என் படத்தில் அது சாதாரணக் கோடு.

காலி ரேக்குக்குக் கொஞ்சம் புண்ணியம் செய்த பாதை ஒன்று இருக்கிறது. சத்தீஸ்கரில் பைலாடிலா மலையின் இரும்புத்தாதுவை விசாகப்பட்டினத்துக்கு இறக்கும் கிரந்துல் – கொத்தவலசா பாதை. ஜப்பானுக்குத் தாது விற்பதற்காக 1960களில் போட்டது. கிழக்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி, கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டரைத் தொட்டுவிட்டு, சுரங்கம் சுரங்கமாக நுழைந்து இறங்குகிறது. மலையிலிருந்து கடலுக்கு இறங்கும்போது சுமை, ஏறும்போது காலி. இதுவே தலைகீழாக இருந்திருந்தால் எத்தனை எஞ்சின் மாட்ட வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் வேலையில் இருக்கும்போதே ஒரு சிவப்புக் கோடு அழிந்ததைப் பார்த்திருக்கிறேன். பெல்லாரி, ஹொஸ்பேட் பக்கத்துத் தாது குண்டக்கல், ரேணிகுண்டா வழியாகச் சென்னைத் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்தது. 2010 ஜூலையில் கர்நாடக அரசு தாது ஏற்றுமதியைத் தடுத்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் பெல்லாரியில் சுரங்க வேலையையே நிறுத்தியது. அதே வருஷம் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத்தாது இரண்டையும் கையாளக் கூடாது என்ற நீதிமன்ற உத்தரவும் அமலுக்கு வந்தது, நிலக்கரி எண்ணூருக்குப் போயிற்று. வெளியே இருப்பவர்களுக்கு இதெல்லாம் பேப்பர் செய்தி. எங்களுக்கு? முன்பெல்லாம் நிலக்கரியைக் கொட்டிவிட்டுக் காலியான ரேக்கைத் தாது ஏற்ற அந்தப் பக்கம் தள்ளிவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அந்தக் கதவு சாத்திக்கொண்டது. ஒரு ராத்திரி என் செக்ஷனில் மட்டும் மூன்று காலி ரேக். லூப்பில் நிற்கிறது. மெயின் லைனில் எக்ஸ்பிரஸ் வரிசை. ஒவ்வொரு ஸ்டேஷன் மாஸ்டரும் கூப்பிட்டு, “சார், இதை எப்போ எடுக்கிறீங்க?” என்கிறார். எங்கே எடுத்துப் போவது? அன்றைக்கு விடிகிற வரை ஆறு டீ குடித்தேன்.

கேள்வி: நெய்வேலியையே காணோமே? — வாசகர், விருத்தாசலம்

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஏறக்குறைய பாதி ஈரம். அதை வேகனில் ஏற்றினால் பாதி வாடகை தண்ணீருக்குப் போகும். அதனால் சுரங்கத்திலிருந்து கன்வேயர் பெல்ட்டில் நேரே கொதிகலனுக்குப் போய் மின்சாரமாகிக் கம்பியில் ஊரைவிட்டு வெளியேறுகிறது. ரயில் படத்தில் அது வராது.

கேள்வி: ஒடிசாவிலிருந்து வரும் கறுப்புக் கோடு பாரதீப் துறைமுகத்தோடு நின்றுபோய், மறுபடி எண்ணூரில் ஆரம்பிக்கிறது. நடுவில் அச்சு விழவில்லையா? — வாசகர், ஓமலூர்

அச்சுப்பிழை இல்லை, நடுவில் வங்காள விரிகுடா. தால்சர் சுரங்கத்திலிருந்து பாரதீப்புக்கு ரயிலில் சுமார் 200 கிலோமீட்டர்தான். அங்கே கப்பலில் ஏற்றி எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் இறக்குகிறார்கள். 60,000 டன் கப்பல் ஒன்று வந்தால் 15 ரேக் வந்த மாதிரி. அந்த 15 ரேக்கும் கிழக்குக் கடற்கரைப் பாதையில் விஜயவாடா, கூடூர் தாண்டி ரயிலிலேயே வந்தால் என்ன ஆகும் என்பது கூடூரில் பக்கத்து மண்டலத்திடமிருந்து வண்டிகளை ஏற்றுக்கொண்டு அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். இந்தக் கப்பல் வேலைக்கென்றே தமிழ்நாடு அரசு 1974இல் பூம்புகார் கப்பல் கழகத்தை ஆரம்பித்தது.

வடசென்னை, தூத்துக்குடி அனல்மின் நிலையங்கள் துறைமுகத்தை ஒட்டியே இருப்பதால் அங்கேயும் பெல்ட்தான். மேட்டூருக்குத்தான் மறுபடி ரயில் வேண்டியிருக்கிறது. எண்ணூரில் ஏற்றி, அரக்கோணம், ஜோலார்பேட்டை, சேலம் வந்து, உங்கள் ஊரில் கிளை பிரிந்து மேட்டூர் அணைக்குப் போகிறது. தமிழ்நாட்டுக்குள் நான் போட்ட கறுப்புக் கோடுகளில் பார்க்கும்படியாக இருப்பது அதுதான். ரயில், கப்பல், மறுபடி ரயில். சுரங்கத்தில் ஏற்றிய நிலக்கரி கொதிகலனைப் பார்ப்பதற்குள் எத்தனை முறை கொட்டி அள்ளப்படுகிறது பாருங்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தூசியாகிறது, அதையெல்லாம் யார் கணக்கில் எழுதுவது என்று ஒரு தனிச் சண்டை உண்டு. அதற்குள் நான் போகவில்லை.

கேள்வி: புவியியல் முதுகலை ஆய்வுக்காக இதே போன்ற படத்தைக் கம்ப்யூட்டரில் போட விரும்புகிறேன். தரவு எங்கே கிடைக்கும்? புறப்படும் இடமும் சேரும் இடமும் தெரிந்தால் குறுக்குவழியைக் கணினியே கண்டுபிடித்துவிடும் அல்லவா? — மாணவி, திருநெல்வேலி

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் பள்ளம் இருக்கிறது, விழுந்துவிடாதீர்கள்.

முதலில் தரவு. ஒவ்வொரு ரேக்கும் எந்த நிமிஷம் எங்கே நிற்கிறது என்பது ஃபாய்ஸ் என்ற ரயில்வே கணினி அமைப்பில் இருக்கிறது. கிரிஸ் என்ற ரயில்வேயின் சொந்தக் கம்ப்யூட்டர் நிறுவனம் செய்தது. முழுதாக வெளியாட்களுக்குத் திறக்க மாட்டார்கள். வியாபார ரகசியம் என்பார்கள், அதில் தப்பில்லை. ரயில்வே வாரியம் வருஷாவருஷம் வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பில் எந்த மண்டலம், எந்தச் சரக்கு, எவ்வளவு டன் என்பது இருக்கும். எந்த மாநிலத்திலிருந்து எந்த மாநிலத்துக்கு என்ன போனது என்ற கட்டம் கட்டமான அட்டவணை கொல்கத்தாவில் இருக்கும் மத்திய அரசின் வணிகப் புள்ளிவிவர இயக்குநரகம் வெளியிடுவது. ஆய்வுக்கு அதிலிருந்து ஆரம்பியுங்கள். படம் போட க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம். தண்டவாளக் கோடுகள் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் இருக்கின்றன.

இப்போது பள்ளம். கூட்ஸ் வண்டி குறுக்குவழியில் போகும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால், போகக் கூடாது என்றுதான் சட்டம் இருக்கிறது. 1989 ரயில்வே சட்டத்தின் 71ஆவது பிரிவில் இன்ன சரக்கு இன்ன வழியாகத்தான் போக வேண்டும் என்று உத்தரவு போட மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. எங்கள் பேச்சில் அது ரேஷனலைசேஷன் ஆர்டர். குறுக்குவழி நெரிசலாக இருந்தால் சுற்றுவழியில் அனுப்பி, அந்தச் சுற்றுவழித் தூரத்துக்கே கட்டணமும் வாங்குவார்கள். அந்த உத்தரவைப் படிக்காமல் கணினியை மட்டும் நம்பிப் படம் போட்டால் சரக்கு நிஜமாகப் போகிற சுற்றுவழியில் மெல்லிசுக் கோடும், திணறுகிற குறுக்குவழியில் இருப்பதைவிடத் தடித்த கோடும் வரும். தேர்வாளர் ஒரு பழைய டிராஃபிக்காரராக இருந்துவிட்டால் முதல் நிமிஷத்திலேயே பிடித்துவிடுவார்.

இன்னொன்று, பாதி வழியில் ஊர் மாறும். ஒரு மின் நிலையத்துக்குக் கிளம்பிய நிலக்கரியை வழியிலேயே வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவது உண்டு. ரசீதில் எழுதிய ஊரை மட்டும் எடுத்தால் தப்பாகும். புதுப்பாதைகளையும் கவனியுங்கள். கிருஷ்ணபட்டினம் துறைமுகத்திலிருந்து ராயலசீமைக்குப் போக வெங்கடாசலம் – ஓபுலவாரிபள்ளி பாதையை 2019இல் திறந்தார்கள். 6.6 கிலோமீட்டரில் ஒரு சுரங்கம் குடைந்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் கூடூர், ரேணிகுண்டா என்று சுற்றி வந்த சரக்கு அது. உங்கள் தரவு எந்த வருஷத்தது என்று பார்த்துக்கொண்டு கோட்டை இழுங்கள்.

சென்னையில் வண்டி ஓட்டத்தை நாங்கள் வரைந்துவைக்கும் சார்ட் பேப்பர் எப்படி இருக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். மேலிருந்து கீழே ஸ்டேஷன் பெயர்கள், இடமிருந்து வலமாக மணி. ஒரு வண்டி ஒரு சாய்கோடு. செங்குத்தாக இருந்தால் வேகம், படுத்துவிட்டால் வண்டி எங்கோ நிற்கிறது. மெயிலுக்கு ஒரு நிறம், பாசஞ்சருக்கு ஒரு நிறம், கூட்ஸுக்கு ஒரு நிறம் என்று பென்சில்கள். ஷிப்ட் முடியும்போது பார்த்தால் கூட்ஸ் கோடு படிக்கட்டு மாதிரி இருக்கும்: கொஞ்சம் சாய்வு, நீளமாகப் படுக்கை, கொஞ்சம் சாய்வு, மறுபடி படுக்கை. இப்போது அதையும் கணினியே போடுகிறது. கூட்ஸ் வண்டியின் சராசரி வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் என்று படிக்கும்போது வண்டி ஊர்ந்து போகிறது என்று நினைக்காதீர்கள். ஓடுகிறபோது நன்றாகத்தான் ஓடுகிறது. அந்தப் படுக்கைக் கோடுகள்தான் சராசரியை இழுக்கின்றன. முடிந்தால் உங்கள் படத்தில் எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதற்கு ஒரு வட்டம் போடுங்கள். என் படத்தில் நான் போடவில்லை, போட்டிருக்க வேண்டும்.

கேள்வி: என் பேரன் ரயில்வே கேட்டில் நின்று வேகனை எண்ணுகிறான். ஒவ்வொரு வேகனிலும் நீளமாக ஒரு எண் இருக்கிறதாம், அது என்ன என்று கேட்கிறான். — வாசகர், வாலாஜாபாத்

தம்பிக்கு என் சபாஷ். அந்த எண்ணில் 11 இலக்கம் இருக்கும். முதல் இரண்டு, வேகன் வகை: 10லிருந்து 29 வரை திறந்த வேகன், 30களில் மூடிய வேகன், 40களில் டாங்கர். அடுத்த இரண்டு, எந்த ரயில்வேக்குச் சொந்தம்: 06 என்றால் நம் தெற்கு ரயில்வே. அடுத்த இரண்டு, செய்த வருஷம். பிறகு நான்கு இலக்கம் வரிசை எண். கடைசி ஒன்று, எண்ணைத் தப்பாக எழுதிவிட்டார்களா என்று கண்டுபிடிக்க வைத்த சரிபார்ப்பு இலக்கம்.

06 போட்ட வேகனைப் பார்த்தால் அது நம் ஊர் வண்டி என்று நினைத்துவிட வேண்டாம். வேகன்கள் பொதுச் சொத்து, எங்கே வேலையோ அங்கே சுற்றும். ஒரு நாள் முழுக்க எண்ணினால் தேசத்தின் எல்லா மூலையும் உங்கள் கேட்டைக் கடந்துபோகும். ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டு நேரம், திசை, சுமையா காலியா என்று எழுதச் சொல்லுங்கள். திறந்த வேகனில் சுமை இருந்தால் விளிம்புக்கு மேல் குவியல் தெரியும். மூடிய வேகனில் தெரியாது, ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும், சுமை இருந்தால் அமுங்கியிருக்கும். சத்தத்திலும் தெரியும்: காலி வேகன் தகரடப்பா மாதிரி கலகலக்கும், சுமை வேகன் தரையைத்தான் அதிரவைக்கும். உங்கள் ஊரில் கார் ஏற்றும் வண்டி வேறு வரும். ஜன்னல் அடைத்த பழைய பயணிப் பெட்டி மாதிரி தெரிந்தால் அது நிஜமாகவே பழைய பயணிப் பெட்டிதான், உள்ளே இருக்கையைப் பிடுங்கிவிட்டுக் காரை ஏற்றுகிறார்கள். கடைசியில் பச்சைக்கொடியோடு நிற்பவரை நாங்கள் கார்டு என்போம். 2022இலிருந்து அவர் ட்ரெயின் மேனேஜர். எந்தப் பெயரில் இருந்தாலும், தம்பி கை காட்டினால் அவர் திருப்பிக் காட்டுவார்.

கேள்வி: கூட்ஸ் வண்டிக்காக எங்கள் பாசஞ்சரை நிறுத்துகிறார்கள். சரக்குக்கு உள்ள மரியாதை மனிதனுக்கு இல்லையா? — வாசகர், கும்மிடிப்பூண்டி

கோபம் புரிகிறது. ஆனால் முப்பத்துநான்கு வருஷத்தில் நான் நிறுத்திய கூட்ஸ் வண்டிகளின் ஆவி உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்திருக்கும். வரிசையில் கடைசி எப்போதும் கூட்ஸ்தான். விபத்து நிவாரண வண்டி, மெயில், எக்ஸ்பிரஸ், பாசஞ்சர் எல்லாம் போன பிறகு இடைவெளி இருந்தால் அது நகரும். பத்து மணி நேரம் ஆகியும் ஊர் சேராமல் டிரைவருக்கு டியூட்டி முடிந்து, மாற்று ஆள் வருகிற வரை வண்டி அப்படியே நிற்பதும் நடக்கும்.

அப்படியானால் உங்கள் பாசஞ்சர் ஏன் நின்றது? கூட்ஸ் ரேக்கின் நீளம் 650 மீட்டருக்குக் கிட்டத்தட்ட. ஸ்டேஷன் லூப் 686 மீட்டர். அடுத்த ஸ்டேஷனில் இரண்டு லூப்பிலும் ஏற்கெனவே வண்டி நின்றால் இதை ஒதுக்க இடமே கிடையாது. மெயின் லைனில் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். அப்போது பின்னால் வரும் நீங்கள் மாட்டிக்கொள்கிறீர்கள். அதற்குக் காரணம் இடப் பற்றாக்குறை. 2022 ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் கதை வேறு. மின் நிலையங்களில் நிலக்கரி கரைந்துபோய், நிஜமாகவே பயணி வண்டிகளை ரத்து செய்து நிலக்கரி ரேக்குக்கு வழி விட்டார்கள்.

இதற்குத்தான் தனிச் சரக்குப் பாதை போட்டார்கள். கிழக்கே லூதியானாவிலிருந்து பீகாரின் சோன்நகர் வரை 1,337 கிலோமீட்டர், மேற்கே டெல்லி பக்கத்து தாத்ரியிலிருந்து மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகம் வரை 1,506 கிலோமீட்டர். அங்கே லூப் 1,500 மீட்டர், இரண்டு ரேக்கைக் கோத்து நிறுத்தலாம். மேற்குப் பாதையில் கண்டெய்னர் மேல் கண்டெய்னர் வைத்து மின்கம்பிக்கு அடியிலேயே ஓட்டுகிறார்கள். தமிழ்நாட்டுக்குள் இதில் ஒரு கிலோமீட்டரும் இல்லை. கும்மிடிப்பூண்டிக்காரர்கள் இன்னும் கொஞ்ச காலம் பொறுக்கத்தான் வேண்டும்.

கேள்வி: இப்படி கோட்டைத் தடிமனாக்கிப் படம் போடுவதை முதலில் யார் செய்தது? — வாசகி, சென்னை

நானில்லை. அயர்லாந்தில் எங்கே ரயில் போடுவது என்று முடிவு செய்ய, 1837இல் ஹென்றி டிரூரி ஹார்னஸ் என்ற ராணுவப் பொறியாளர் போக்குவரத்தைக் கோட்டின் தடிமனில் காட்டினார். அந்த ஊரில் ரயில் பரவுவதற்கு முன்பே ரயிலுக்காகப் போட்ட படம். அதன்பின் பிரான்ஸில் சார்ல் ஜோசஃப் மினார் என்ற பாலப் பொறியாளர் இதையே தொழிலாக வைத்துக்கொண்டு, கால்வாயிலும் ரயிலிலும் போன சரக்கையெல்லாம் வரைந்து தள்ளினார். அந்த 1837இலேதான் நம் செங்குன்றத்திலிருந்து சென்னைக்குக் கல் சுமக்க ஒரு சின்ன ரயில் ஓடியது. இந்தியாவின் முதல் ரயில் என்று அதைத்தான் சொல்கிறார்கள். கூட்ஸ் வண்டிதான் அண்ணன் என்று என் மனைவியிடம் அடிக்கடி சொல்வேன். அவருக்கு அதில் ஆர்வமில்லை.

கேள்வி: இத்தனை வருஷத்தில் ஒரு வேகனாவது தொலைந்துபோயிருக்கிறதா? — வாசகர், மதுரை

போயிருக்கிறது. நான் சேர்ந்த புதிதில் முழு ரேக் என்ற பேச்சே குறைவு. ஒருவர் ஒரே ஒரு வேகன் கோதுமை அனுப்பலாம். அது யார்டு யார்டாகக் கழற்றி மாட்டப்பட்டு, எப்போது ஊர் சேருமோ அப்போது சேரும். கணினி கிடையாது. எந்த ஸ்டேஷனில் எத்தனை வேகன் என்பதைத் தினமும் டெலிபோனில் கேட்டு எழுதிக்கொள்வோம்.

ஒரு மூடிய வேகன், கோதுமை. அச்சு சூடாகிப் புகை வந்ததால் வழியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் கழற்றிவிட்டார்கள். பழுதுபார்க்க ஆள் வர வேண்டும். ஆளை அனுப்பச் சொன்ன செய்தி எங்கோ ஒரு மேஜையில் நின்றுவிட்டது. வண்டியோடு போன காகிதத்தில் வேகன் எண் இருந்தது, வேகன் இல்லை. சேர வேண்டிய ஊரில் “வரவில்லை” என்று எழுதினார்கள். அனுப்பிய ஊரில் “அனுப்பிவிட்டோம்” என்று எழுதினார்கள். எங்கள் புத்தகத்தில் “வழியில்” என்று இருந்தது. ஐந்து மாதம் அந்த வேகன் வழியிலேயே இருந்தது.

ஐப்பசி மழை முடிந்த பிறகு, நாங்கள் தினசரிக் கணக்கு எடுக்கும்போது அந்த ஸ்டேஷன் மாஸ்டர் கடைசியாக ஒன்று கேட்டார்: “சார், முட்டுச்சந்து லைனில் ஒரு வேகன் நிக்குது. கதவு இடுக்கிலெல்லாம் பச்சையா முளைச்சிருக்கு. கேட்மேன் ஆடு ரெண்டும் தினம் அங்கேதான் மேயுது. விரட்டட்டுமா, விட்டுடட்டுமா?”

எண்ணைப் படிக்கச் சொன்னேன். படித்தார். தேடிக்கொண்டிருந்த அதே எண். சீல் உடையாமல் அப்படியே இருந்ததாம்.